மேளம் முன்னே போகும் மெட்டல் ஆல்பங்கள்

மின் கிட்டாரும் ட்ரம்ஸும் வேகமாக முழங்கும் த்ராஷ் மெட்டலோடு நாட்டார் இசையைக் கலக்கிறோம் என்று வரும் ஆல்பங்களில் பலவற்றை நான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். தொடக்கத்தில் அரை நிமிடம் புல்லாங்குழலோ கைமேளமோ ஒலிக்கும். கிட்டார் நுழைந்ததும் அது காணாமல் போய்விடும். அந்த அரை நிமிடத்தை வெட்டி எறிந்தாலும் பாட்டுக்கு ஒரு குறையும் வராது. பிரேசில் குழுவான செபுல்தூரா 1996இல் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ அந்த வகை இல்லை. அதில் மேளத்தை எடுத்துவிட்டால் கிட்டாருக்கு வேலையே இல்லை.

நான் குடியாத்தத்துக்காரன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் முழங்கும் பம்பை என்ற இரட்டை மேளம்தான் என் காதுக்கு முதல் பாடம். என் தாய்மாமன் பம்பை செட்டில் உடுக்கை அடிப்பவர். ‘ரூட்ஸ்’ ஆல்பத்தின் ‘ரட்டமஹட்டா’ பாட்டை அவருக்கு ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, “மாப்பிள்ளை, மேளக்காரன் கிட்டாரைப் பார்த்து அடிக்கவில்லை. கிட்டார்தான் அவனைப் பார்த்து வருகிறது” என்றார். இந்த ஆல்பத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்டில் தாளக் கருவிகளை வாசித்துக் கூடவே பாடுபவர் பாஹியா மாநிலத்தின் கார்லின்யோஸ் பிரவுன். குழுவின் ட்ரம்ஸ்காரர் இகோர் கவலேராவின் ட்ரம்ஸ் அவரோடு சேர்ந்து உருளும்போது, ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, இரண்டு மூன்று சுரங்களுக்குள் அடங்கி நிற்கிறது. கிட்டார் தெரிந்தவர்கள் இதை வறுமை என்பார்கள். எனக்கு அது அடக்கமாகத் தெரிகிறது. 1991இல் வந்த ‘அரைஸ்’ ஆல்பத்தில் இதே குழு எவ்வளவு வேகமாக, எவ்வளவு சிக்கலாக வாசித்தது என்பதைக் கேட்டவர்களுக்கு, இவர்கள் முடியாமல் குறைக்கவில்லை என்பது புரியும். ‘ரூட்ஸ்’ த்ராஷே இல்லை, வேகத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் இன்றும் வருந்துகிறார்கள். அவர்கள் ஒருமுறை அம்மன் வர்ணிப்பைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். பம்பைக்காரர் எடுத்த எடுப்பில் வேகம் பிடிப்பதில்லை. பாடும் குரலுக்கு இடம்விட்டு நிதானமாக அடித்து, அடிகளுக்கு நடுவே வெற்றிடம் வைத்து, கூட்டத்தை அந்த வெற்றிடத்துக்காகக் காத்திருக்கச் செய்கிறார். சாமி வருவது அதற்குப் பிறகுதான். ‘ரூட்ஸ்’ வேகத்தைக் குறைத்ததால்தான் மேளத்துக்குத் தேவையான அந்த வெற்றிடம் கிடைத்தது.

‘ஆட்டிட்யூட்’ பாட்டின் தொடக்கத்தில் பெரிம்பாவ் என்ற ஒற்றைத் தந்தி வில்வாத்தியம் ஒலிக்கிறது. ரிஃப் வந்த பிறகும் அந்த வில்லின் துடிப்பு காதில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘இட்சாரி’ இன்னும் ஒரு படி மேல். குழுவினர் மாட்டோ க்ரோசோ மாநிலத்தில் ஷவான்டே பழங்குடியினரின் ஊருக்கே போய், அவர்களோடு இருந்து, அவர்கள் பாடுவதை அங்கேயே பதிவு செய்தார்கள். மின் கிட்டார் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. பல குரல்களும் தரையை மிதிக்கும் கால்களும்தான் பாட்டு. ஒரு மெட்டல் ஆல்பத்தில் இப்படி வாய்மூடி நிற்பதற்குத் துணிவு வேண்டும்.

குறையும் உண்டு. எழுபது நிமிடத்துக்கு மேல் நீளும் ஆல்பம் நடுவில் தொய்கிறது. வெளியாட்கள் வந்து பாடும் ‘லுக்அவே’ எனக்கு வெறும் இரைச்சல். அதில் பிரேசிலும் இல்லை, த்ராஷும் இல்லை. கிட்டார்களை மிகத் தாழ்த்திச் சுருதி கூட்டியிருப்பதால் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் பாதி ஆல்பம் காணாமல் போகும். நல்ல ஹெட்ஃபோன் இல்லாமல் இதை மதிப்பிடாதீர்கள்.

இதே குழுவின் ‘கேயாஸ் ஏ.டி.’ (1993) ரிஃப்களுக்காக ‘ரூட்ஸ்’ ஆல்பத்தைவிட நல்ல ஆல்பம். ‘டெரிட்டரி’ பாட்டைத் தொடங்கிவைக்கும் ட்ரம்ஸ் ஒன்றே போதும். ஆனால் நாட்டார் இசை என்று பார்த்தால், வேல்ஸ் நாட்டின் செப்ஸ்டோ கோட்டை இடிபாடுகளுக்குள் பதிவு செய்த ‘கயோவாஸ்’ ஒன்றுதான் முழுமையாக நிற்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் அங்கிருந்து தொடங்கி ‘ரூட்ஸ்’ பக்கம் வரலாம்.

‘ரூட்ஸ்’ ஆல்பத்தில் மேளம் செய்யும் வேலையை, நியூசிலாந்தின் மெட்டல் குழுவான ஏலியன் வெப்பன்ரி 2018இல் வெளியிட்ட ‘தூ’ ஆல்பத்தில் மொழி செய்கிறது. ஹென்றி, லூயிஸ் டி யோங் சகோதரர்கள் பல பாட்டுகளை அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் பாடுகிறார்கள். அந்த மொழியின் குறில் நெடில் எங்கே விழுகிறதோ அங்கேதான் ரிஃப்பும் விழுகிறது. ‘ரூ ஆனா தே ஃபெனுவா’ 1864இல் ஆங்கிலேயப் படையை மாவோரிகள் எதிர்த்து நின்ற புகேஹினாஹினா போரைப் பாடுகிறது. இந்தச் சகோதரர்களின் முன்னோர் ஒருவர் அந்தக் களத்தில் நின்றவர். அதைக் கேட்கும்போதெல்லாம் 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த இரவைத் தமிழில், இதே கனத்தில் கேட்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆல்பத்தின் ஆங்கிலப் பாட்டுகள் இந்த உயரத்துக்கு வரவில்லை. அவற்றைத் தாண்டிப் போனாலும் இழப்பில்லை.

காட்பாடியிலும் வேலூரிலும் கல்லூரிகளில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் தம்பி தங்கைகளே, ‘ரூட்ஸ்’ கேட்டுவிட்டு ஒரு பம்பைக்காரரைத் தேடிப் போங்கள். பாட்டை முடித்து வைத்துவிட்டு, தொடக்கத்தில் ஒட்டுவதற்கு இருபது விநாடி அடித்துத் தரச் சொல்லாதீர்கள். ரிஃப் எழுதும் முதல் நாளே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் அவரை அடிக்கச் சொல்லுங்கள். திருவிழாவுக்கு வாங்கும் கூலியை அந்த நாளுக்கும் குறைக்காமல் கொடுங்கள்.