எம்.2 அடாப்டர்: விலை 1,100, முடியும்போது ஆன செலவு வேறு

எம்.2 ஸ்லாட்டில் (மதர்போர்டில் சின்ன எஸ்எஸ்டி சொருகுகிற இடம்) சொருகினால் அதைச் சாதாரண பிசிஐஇ ஸ்லாட்டாக (டெஸ்க்டாப்பில் கார்டுகள் சொருகுகிற நீள ஸ்லாட்) மாற்றித் தருகிற ரிப்பன் அடாப்டர் ஒன்றை ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு வாங்கி, பிப்ரவரியில் இருந்து வீட்டு சர்வரில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே வேலை செய்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் அந்த 1,100ஐ மட்டும் கணக்குப் போட்டு இறங்கினால் நான் மாட்டிக்கொண்ட மாதிரி நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரி. மச்சான் காட்பாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான், முகூர்த்த மாதம் வந்தால் ஒரு கல்யாணத்துக்கே 300, 400 ஜிபி வீடியோ சேரும், அதையெல்லாம் யூஎஸ்பி டிஸ்க்கில் ஏற்றி பீரோவில் சேலைக்கு நடுவில் அடுக்கி வைத்திருந்தான். எந்த டிஸ்க்கில் எந்தக் கல்யாணம் என்று அவனுக்கே தெரியாது. சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று ஆபீஸில் ஓடி ஓய்ந்த சின்ன கம்ப்யூட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும், கரண்டும் அதிகம் தின்னாது. ஆனால் உள்ளே 2.5 இன்ச் டிஸ்க்குக்கு ஒரு இடம், எம்.2 ஸ்லாட் ஒன்று, அவ்வளவுதான். என்னிடம் இருந்ததோ 3.5 இன்ச்சில் நான்கு 4 டிபி டிஸ்க். யூஎஸ்பி பெட்டியில் போட்டு சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை காப்பி நடுவில் நான்கும் சேர்ந்தாற்போல் காணாமல் போனதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போக மனசு வரவில்லை.

அடாப்டருக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. என்விஎம்இ என்கிற வேகமான எஸ்எஸ்டி போடுகிற எம்.2 ஸ்லாட்டில் பொதுவாக பிசிஐஇயின் நான்கு லேன், அதாவது டேட்டா போகிற நான்கு பாதை, வந்து நிற்கிறது, இந்த அடாப்டர் அந்தக் கம்பிகளை ரிப்பன் வழியாக வெளியே இழுத்துவந்து ஒரு ஸ்லாட்டில் விடுகிறது. சிப் கிடையாது, டிரைவர் கிடையாது. ஓஎஸ் இருந்த என்விஎம்இயைக் கழற்றிவிட்டு 2.5 இன்ச் எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது, அது அரை நாள் வேலை.

அந்த ஸ்லாட்டில் உட்கார்ந்து நான்கு டிஸ்க்கையும் இணைக்கிற கார்டு ஒன்றை வாங்கத்தான் சென்னைக்குப் போனேன். காட்பாடியில் காலையில் ரயில் ஏறினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிட்சி ஸ்ட்ரீட்டைச் சுற்றிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பழைய சர்வரில் கழற்றிய எஸ்ஏஎஸ்2008 சிப் கார்டு, 2,400 ரூபாய். எஸ்ஏஎஸ் என்பது சர்வர் டிஸ்க்குகளை இணைக்கிற முறை, சாட்டா நம் சாதாரண டிஸ்க்குகளுடையது. அதில் இரண்டு மினி எஸ்ஏஎஸ் வாய், ஒவ்வொன்றிலும் நான்கு சாட்டா கேபிள் பிரியும், ஆக மொத்தம் எட்டு டிஸ்க் போடலாம். ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்ப்பது) இல்லாமல் டிஸ்க்கை அப்படியே காட்டுகிற ஐடி மோட் ஃபர்ம்வேர் ஏற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரப் பையன் பில் போடும்போதே கேட்டான், "பவர் எங்கண்ணா எடுக்கப் போறீங்க?" நான் ஏதோ தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. எம்.2 ஸ்லாட் 3.3 வோல்ட் மட்டும்தான் தரும், பிசிஐஇ ஸ்லாட்டில் உட்காருகிற கார்டுக்கோ 12 வோல்ட்டும் வேண்டும். அதனால் அடாப்டரின் ஓரத்தில் பவருக்கென்று தனியாக ஒரு சாக்கெட் இருக்கிறது, அதற்கு வெளியில் இருந்து கொடுக்க வேண்டும். இந்தக் குட்டிக் கம்ப்யூட்டரோ லேப்டாப் மாதிரி சார்ஜரில் ஓடுகிறது, உள்ளே 12 வோல்ட் வயர் எதுவும் வெளியே வராது. டிஸ்க்குகளுக்கும் 12 வோல்ட் வேண்டும், சுழல ஆரம்பிக்கிற அந்தச் சில விநாடிகளில் ஒவ்வொன்றும் 2 ஆம்ப் வரை இழுக்கும். கடைசியில் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (டெஸ்க்டாப்புக்குப் பவர் கொடுக்கிற பெட்டி) ஒன்றைத் தனியாக வாங்கி, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்து ஆன் செய்து வைத்தேன். 1,100 ரூபாய் வேலை இங்கேயே 5,000ஐத் தாண்டியது.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: எஸ்எம்பிஎஸ் முதலில் ஆன் ஆக வேண்டும், கம்ப்யூட்டர் அப்புறம்தான். மாற்றிப் போட்டால் பூட் ஆகும்போது கார்டுக்கு உயிர் இருக்காது, டிஸ்க் ஒன்றுகூடத் தெரியாது. நான் இதைப் புரிந்துகொள்வதற்குள் கார்டு போலி என்று முடிவு கட்டி மறுபடி சென்னைக்கு டிக்கெட்கூடப் பார்த்துவிட்டேன். இப்போது இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வைத்து, பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி விட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் இதுவரை தகராறு இல்லை. இன்னொன்று, மோலெக்ஸ் என்கிற பழைய நான்கு பின் பவர் பிளக்கில் இருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வயர்களில் பிளாஸ்டிக் வார்த்து மூடிய வகை வேண்டவே வேண்டாம், உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடிய சாமான் அது. எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து நேராக வருகிற வயரையே பயன்படுத்துங்கள்.

வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கார்டு எட்டு லேன் கார்டு, கிடைப்பது நான்குதான், லினக்ஸில் கார்டுகளைப் பட்டியல் போடுகிற எல்எஸ்பிசிஐ கமாண்டைப் போட்டுப் பார்த்தால் பக்கத்தில் டவுன்கிரேடட் என்று காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிசிஐஇ 2.0இல் விநாடிக்கு ஒரு லேனுக்கு 500 எம்பி, நான்குக்கு 2,000 எம்பி. நான்கு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக ஓடினாலும் 800 எம்பி பக்கம்தான் வரும். அதுவும் வீட்டு நெட்வொர்க் 1 கிகாபிட், விநாடிக்கு 110 எம்பிக்கு மேல் போகாது. லேன் குறைகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் தங்கள் நெட்வொர்க் ஸ்விட்சை ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும்.

அப்புறம் வெயில் வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, மே மாதத்தில் 40ஐத் தாண்டுவது எங்களுக்குச் செய்தியே இல்லை. நான் செய்த முட்டாள்தனம், சர்வரை பெட்ரூம் லாஃப்டில் வைத்தது. மேலே மொட்டை மாடி, பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பத்து மணி வரை அனலாகக் கொதிக்கும். இந்த மாதிரி கார்டுகள் சர்வர் பெட்டிக்குள் ஃபேன்கள் சதா காற்றை அடித்துக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை, கார்டில் தனியாக ஃபேன் கிடையாது. கத்திரி தொடங்கி மூன்றாம் நாள் மத்தியானம் மச்சான் போன் செய்து, "மாமா, ஆரணி கல்யாணம் ஃபோல்டர் தொறக்கவே மாட்டேங்குது" என்றான். ஏறிப் பார்த்தால் இரண்டு டிஸ்க் காணவில்லை, லாக் முழுக்க ரீசெட், ரீசெட், கார்டின் சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்கில் விரல் வைத்தேன், ஒரு விநாடிகூடத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்து ஹாலில் டிவிக்குக் கீழே இறக்கி, ஒரு 80 மிமீ ஃபேனை ஹீட்சிங்கைப் பார்த்து ஜிப் டையில் கட்டினேன். ஃபைல் எதுவும் போகவில்லை, அன்றைக்கு அது என் அதிர்ஷ்டம். அந்த ஃபேன் 180 ரூபாய். அதைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

இறக்கும்போது ரிப்பனை மடக்கிவிட்டேன் போல, லாக்கில் ஏஇஆர் கரெக்டட் எரர் (பிசிஐஇ இணைப்பில் வந்து தானாகச் சரியான பிழை) என்று வரிசையாக வந்தது. டேட்டா கெட்டுவிடவில்லை, மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மடிப்பை நிமிர்த்தி, பவர் வயரில் இருந்து தள்ளி வைத்ததும் நின்றது.

இரண்டு மாதம் கழித்து ஸ்டுடியோவிலேயே இன்னொரு பெட்டி போட்டோம். அங்கே இந்த அடாப்டர் வேண்டாம் என்றேன். எம்.2விலேயே நேராக ஆறு சாட்டா போர்ட் இருக்கிற ஏஎஸ்எம்1166 சிப் கார்டு கிடைக்கிறது, 2,800 ரூபாய் ஆனது. அதற்கு 12 வோல்ட் தேவையில்லை, ரிப்பன் இல்லை, அந்த எஸ்ஏஎஸ் கார்டு மாதிரி கொதிப்பதும் இல்லை. டிஸ்க்குகளுக்கு எஸ்எம்பிஎஸ் எப்படியும் வேண்டும், அதில் மாற்றம் இல்லை. போர்டு அப்பளம் மாதிரி மெல்லிசு, நான்கு கேபிள் தொங்கினால் வளைகிறது, கேபிளைப் பெட்டியோடு கட்டிவிட வேண்டும். சாட்டா டிஸ்க் மட்டும்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள். 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டோ எஸ்ஏஎஸ் டிஸ்க்கோ வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் ரிப்பன் அடாப்டர், அப்போதும் ஸ்லாட்டின் பின்பக்கம் திறந்திருக்கிற மாடலாகப் பாருங்கள், இல்லையென்றால் எட்டு லேன் கார்டு உட்காராது, பிளேடு வைத்து அறுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எம்.2 பக்கம் இறுக்குகிற ஸ்க்ரூ பாக்கெட்டில் வரவில்லை. விற்றவரிடம் கேட்டதற்குப் பதிலும் இல்லை. செத்துப்போன லேப்டாப்பில் இருந்து கழற்றிய ஸ்க்ரூதான் இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.