முதல் பைகேம் ஆட்டத்தை நிரலாளர்களிடம் காட்ட எது வசதி: ஜிப், இட்ச், கோட் ரிவ்யூ, கிட்ஹப்

பைதான் பழக ஆரம்பித்தவர்கள், அதில் ஆட்டம் எழுத உதவும் நூலகமான பைகேமில் முதலில் எழுதுவது பெரும்பாலும் பாம்பு விளையாட்டுதான். நானும் அதைத்தான் எழுதினேன். 300 வரிகூடத் தேறாத நிரல். ஓடுகிறது, பாம்பு தின்கிறது, வளர்கிறது, சாகிறது. அடுத்து, விஷயம் தெரிந்த நாலு பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். ஜிப்பாகவோ இஎக்ஸ்இயாகவோ (விண்டோஸில் நேராக ஓடும் கோப்பு) வாட்ஸ்அப்பில் தள்ளிவிடலாம், ஆட்டங்களை வெளியிடும் தளமான இட்ச் டாட் ஐஓவில் ஏற்றி உலாவியிலேயே ஆட வைக்கலாம், ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கேள்வி-பதில் தளத்தில் நிரலை விமர்சிக்கும் பகுதியான கோட் ரிவ்யூவில் கேள்வியாகப் போடலாம், நிரலைப் பதிப்பு பதிப்பாகச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைக்கலாம். நான் கிட்ஹப் பக்கம்தான். ஏன் என்று சொல்வதற்கு முன் மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

இஎக்ஸ்இயைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பைதான் நிரலை இஎக்ஸ்இயாக்கும் பைஇன்ஸ்டாலரில் கட்டிய கோப்பைத் திறக்கப் போனால் விண்டோஸ் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும். சில ஆன்ட்டிவைரஸ்கள் நேராக வைரஸ் என்றே முத்திரை குத்திவிடும். ஜிமெயிலில் அனுப்பலாமென்றால், ஜிப்புக்குள் ஒளித்து வைத்தாலும் அது இஎக்ஸ்இயை ஏற்காது. மேக் வைத்திருப்பவருக்கு எப்படியும் பயனில்லை. இத்தனையும் தாண்டி ஒருவர் திறந்தாலும் அவர் பார்ப்பது ஆட்டத்தை; நிரலை அல்ல. மூலக் கோப்புகளையே ஜிப்பாக்கி அனுப்பினால் நிரலைப் பார்க்கலாம்தான். ஆனால் இறக்கி, விரித்து, பைகேம் நிறுவி ஓட்ட வேண்டும் என்றதுமே "வீக்கெண்ட்ல பாக்கறேன் தம்பி" என்று பதில் வரும். எந்த வீக்கெண்ட் என்று கேட்கக் கூடாது.

இட்ச் 2013இலிருந்து இருக்கிறது. தனியாளாக ஆட்டம் செய்பவர்களுக்கு அது ஒரு நல்ல சந்தை. பைகேம் ஆட்டம் அங்கே அப்படியே ஓடாது. பைக்பேக் என்ற கருவியால், வெப்அசெம்ப்ளி என்ற வடிவத்தின் மூலம் உலாவியில் ஓடும்படி கட்ட வேண்டும். அதற்கு ஆட்டத்தை ஓட்டும் முதன்மைச் சுழலை, இடையிடையே நின்று உலாவிக்கு வழிவிடும் அசின்க் செயற்கூறாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அசின்க்ஐஓவின் ஸ்லீப்பைப் பூஜ்யம் கொடுத்து அவெய்ட் செய்ய வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால் உலாவித் தாவல் உறைந்து நிற்கும். இதைச் செய்துவிட்டால் இணைப்பைத் தட்டியதும் ஆட்டம் திறந்துவிடும், எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் நம் ஆட்கள் இணைப்பைத் திறப்பது ஃபோனில். ஃபோனில் அம்புக்குறி விசை ஏது? பாம்பு நேரே போய்ச் சுவரில் முட்டிச் செத்துவிடும்.

இட்சில் கிடைப்பது ஆடியவரின் கருத்து. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். ஆடிப் பார்த்த ஒருவர், "சில நேரம் சும்மாவே செத்துப்போகுது" என்றார். பாம்பு விளையாட்டு எழுதும் பலருக்கும் வரும் பிழை இது. பாம்பு வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அது அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்குள் மேல் விசையையும் இடது விசையையும் சட்சட்டென்று அழுத்துகிறீர்கள். நேர் எதிர்த்திசையில் திரும்பாமல் தடுக்கும் சோதனை நிரலில் இருக்கிறது. ஆனால் அது கடைசியாக அழுத்திய திசையோடுதான் ஒப்பிடுகிறது. வலத்திலிருந்து மேல், சரி. மேலிலிருந்து இடம், அதுவும் சரி. பாம்போ இன்னும் மேலே நகரவே இல்லை. அடுத்த நகர்வில் தலை தன் கழுத்திலேயே மோதி ஆட்டம் முடிகிறது. கிட்ஹப்பில் பார்த்த அண்ணன் ஒருவர் ஆடிக்கூடப் பார்க்கவில்லை. விசையைப் படிக்கும் வரிக்குக் கீழே, "அழுத்தின திசையோட இல்ல, கடைசியா நகர்ந்த திசையோட ஒப்பிடு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

சரி, நிரலைப் படிப்பவர் கோட் ரிவ்யூவிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. சொல்லப்போனால் அங்கே வரும் பதில்களின் ஆழம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. ஓடுகிற நிரலாக இருக்க வேண்டும், நிரலைக் கேள்விக்குள்ளேயே ஒட்ட வேண்டும் என்ற விதிகளும் நியாயமானவைதான். எனக்கு இடித்தது இன்னொரு விதி: பதில் வந்த பிறகு கேள்வியில் இருக்கும் நிரலைத் திருத்தக் கூடாது. திருத்தியதைக் காட்ட வேண்டுமானால் புதுக் கேள்வி போட வேண்டும். பதிலும் நிரலும் பொருந்தாமல் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. ஆனால் கற்றுக்கொள்கிறவரின் நிரல் ஒரு நாள்கூட நிலையாக நிற்காது.

என் கணக்கில் தீர்ப்பு இந்த இடத்தில்தான் முடிவாகிறது. கருத்து வாங்குவது பெரிய வேலை இல்லை. வாங்கிய கருத்தை, நிரல் மாற மாறத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் வேலை. வாட்ஸ்அப்பில் ஒருவர் "47ஆவது வரியைப் பார்" என்கிறார். நீங்கள் மேலே ஒரு செயற்கூறு சேர்த்ததில் அது 61ஆவது வரியாகிவிட்டது. இன்னொருவர் பழைய ஜிப்பைத் திறந்து, ஏற்கெனவே சரிசெய்ததையே திரும்பச் சொல்கிறார். கிட்ஹப்பின் புல் ரிக்வெஸ்ட்டில், அதாவது மாற்றங்களைச் சேர்க்கும் முன் பார்க்கச் சொல்லும் வேண்டுகோளில், கருத்து வரியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வரியை மாற்றினால் கருத்து அழியாது. காலாவதி என்று குறிக்கப்பட்டு, பழைய வரியோடு சேர்ந்து நிற்கும். தீர்ந்த பேச்சை 'தீர்ந்தது' என்று மூடிவைக்கலாம். பார்ப்பவர் மாற்று வரியையே எழுதிக் கொடுத்தால், ஒரு சொடுக்கில் ஏற்றுக்கொள்ளலாம், அதுவே ஒரு கமிட், அதாவது பதிவான மாற்றம், ஆகிவிடும். புதிதாக வருபவரும் மேலிருந்து படித்துவிட்டு, யாரும் தொடாத இடத்தைப் பற்றிப் பேசுவார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரெப்போவில் (நிரல் இருக்கும் களஞ்சியம்) கோப்பைச் சும்மா திறந்து பார்க்கும்போது வரிக்குக் கீழே கருத்து எழுத முடியாது. அதனால் மெயின் பிராஞ்சில் (முதன்மைக் கிளை) ரீட்மி என்ற அறிமுகக் கோப்பை மட்டும் வையுங்கள். அதிலிருந்து ஒரு பிராஞ்ச் பிரித்து, நிரல் முழுவதையும் அதில் ஏற்றி, புல் ரிக்வெஸ்ட் திறந்துவிடுங்கள். எல்லாமே புதுக் கோப்பு என்பதால் முழு நிரலும் பச்சையாகத் தெரியும். எந்த வரியிலும் எழுதலாம். கருத்தெல்லாம் வந்து அடங்கும்வரை கிளைகளை இணைக்கும் மெர்ஜ் பொத்தானைத் தொடாதீர்கள். ரீட்மியில் பைதான், பைகேம் பதிப்பு எண்களோடு, எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். 'எப்படி இருக்கு' என்று கேட்டால் 'நல்லாருக்கு' என்றுதான் வரும். 'மோதலைக் கண்டுபிடிக்கும் பகுதியைத் தனி வகுப்பாகப் பிரிக்கலாமா' என்று கேட்டால் பேச்சு ஓடும். கூச்சமாக இருந்தால் ரெப்போவைத் தனிப்பட்டதாக வைத்து வேண்டியவர்களை மட்டும் அழைக்கலாம். 2020இலிருந்து அதற்கு ஆள் கணக்கும் கிடையாது, காசும் கிடையாது.

கிட்ஹப்புக்கு அடியில் இருக்கும் கிட் கருவி பழகாதவருக்குத் தொடக்கத்தில் இது எரிச்சலூட்டும், மறுக்கவில்லை. கருத்துச் சொல்பவருக்கும் கிட்ஹப் கணக்கு வேண்டும். நிரலாளரிடம் அது இருக்கும், ஆடிப் பார்க்கும் சித்தி பையனிடம் இருக்காது. அதனால்தான் இட்சை நான் விடவில்லை. ரீட்மியின் முதல் வரியிலேயே அந்த இணைப்பு இருக்கிறது. ஓட்டிப் பார்க்க நினைப்பவர் அங்கே போய்விட்டு வரலாம்.

யூனிட்டி, கோடோ போன்ற ஆட்ட எஞ்சின்களில் செய்த ஆட்டத்துக்கும் இதையே செய் என்று அடித்துச் சொல்லமாட்டேன். நான் காட்டியதெல்லாம் பைகேம்தான். காட்சிக் கோப்புகளை எஞ்சினே எழுதும் இடத்தில் வரிவரியாகப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது என்று தோன்றுகிறது. அங்கே ஸ்கிரிப்ட் கோப்புகளை மட்டும் புல் ரிக்வெஸ்ட்டில் வைத்தால் சரிவரலாம்.