எலும்பு நுண்விரிசல்: சாயமா, மைக்ரோ சிடியா, சிங்க்ரோட்ரானா?

எலும்பில் இருக்கும் நுண்விரிசலைப் பார்க்க எந்த முறை நல்லது என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் ரெசல்யூஷனில்தான் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. தெரிகிற விரிசல் எலும்புக்குள் ஏற்கெனவே இருந்ததா, இல்லை எலும்பை வெட்டும்போது நம் ரம்பம் போட்டதா? இதற்குப் பதில் தராத படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதை வைத்து எண்ணிக்கை எடுக்க எனக்கு மனசு வராது.

இந்தக் கேள்வியில் பழைய சாய முறைக்குத்தான் என் ஓட்டு. 1960-இல் எலும்பு ஆய்வாளர் ஹெரால்ட் ஃப்ராஸ்ட் காட்டிய வழி அது. எலும்புத் துண்டை வெட்டுவதற்கு முன்பே, ஆல்கஹாலில் கரைத்த பேசிக் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும், அப்புறம்தான் ரம்பம். முன்பே இருந்த விரிசலில் சாயம் இறங்கியிருக்கும், வெட்டும்போது விழுந்தது நிறமில்லாமல் நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வட்ட வட்டமான ஆஸ்டியான்களுக்கு (ரத்தக்குழாயைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த எலும்பு அலகுகள்) இடையே 50, 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, அதன் இரு கரையிலும் சாயம் லேசாகக் கசிந்த ஒரு நிழல், ஆஸ்டியானின் விளிம்பை எட்டியதும் உள்ளே நுழையாமல் அதை ஒட்டியே வளைந்து போயிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் ரம்பக் கீறலோடு குழப்பிக்கொள்ளவே மாட்டீர்கள்.

இதே வழியில் இன்னும் ஒரு படி மேலே போவது சைலினால் ஆரஞ்சு, கால்சீன் மாதிரி ஒளிரும் சாயங்கள். விரிசலின் சுவரில் வெளியே தெரியும் கால்சியத்தை இவை பிடித்துக்கொள்ளும். சோதனைக்காக எலும்பின் மேல் பளு ஏற்றும் முன் ஒரு நிறம், ஏற்றிய பின் இன்னொரு நிறம் என்று போட்டால் பழைய விரிசல் எது, அது எவ்வளவு வளர்ந்தது என்று தனித்தனியாகத் தெரியும். காலத்தைப் பிரித்துக் காட்டும் இந்த வசதி, மிகத் தீவிரமான எக்ஸ்ரே தரும் பெரிய ஆய்வுக்கூடமான சிங்க்ரோட்ரானில்கூட இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஒரு மைக்ரானுக்கும் சிறிய விரிசல்கள் கூட்டமாகச் சேர்ந்த பரவலான சேதத்தைப் பார்க்க மட்டும் லேசரால் மெல்லிய அடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப் தேவைப்படும்.

சாயத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். எலும்புத் துண்டு வீணாகிவிடும், கிடைப்பது தட்டையான படம், எண்ணுவது கண் எரியும் வேலை.

அதனால்தான், வெட்டாமலே எக்ஸ்ரேயால் உள்ளே முப்பரிமாணத்தில் பார்க்கும் மைக்ரோ சிடி மேல் ஆசை வருகிறது. ஆனால் மேசை அளவுக் கருவியில் பொதுவாக வோக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) சில மைக்ரான், விரிசலின் வாயோ ஒரு மைக்ரான் அளவுதான், பெரும்பாலும் தெரியவே தெரியாது. பேரியம் சல்ஃபேட்டை விரிசலுக்குள்ளேயே படிய வைத்து எடுத்தால் வெள்ளையாகப் பளிச்சிடும். சரி, பிரச்சினை என்னவென்றால், அதே பேரியம் ரத்தக்குழாய்ப் பாதைகளிலும் வெளிப்பரப்பிலும் படியும். சேதம் எந்தப் பகுதியில் அதிகம் என்று சொல்லலாம், விரிசலின் வடிவத்தைச் சொல்ல முடியாது.

சிங்க்ரோட்ரான் மைக்ரோ சிடி இந்த வரிசையிலேயே அழகானது. ஒரு மைக்ரானுக்கும் கீழே வோக்சல், சாயம் வேண்டாம், விரிசல் ஆஸ்டியானைச் சுற்றித் தாள் மாதிரி விரிந்து கிடப்பதை முப்பரிமாணத்தில் பார்க்கலாம். நீளமாகத் தெரிந்த அந்தச் சிவப்புக் கோடு உண்மையில் ஒரு பரப்பின் வெட்டுமுகம் என்பது அங்கேதான் நன்றாக உறைக்கும். ஆனால் நேரம் ஒதுக்கிக்கொடுத்தால்தான் உள்ளே போக முடியும், எலும்பும் மிகச் சிறிய துண்டாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே கதிர்வீச்சு. பல பத்து கிலோகிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வாங்கிய எலும்பில், அதற்கு நெகிழ்வு தரும் கொலாஜன் புரதம் சிதைந்து எலும்பே நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். படம் எடுத்துக்கொண்டே பளு ஏற்றும் சோதனையில், உடைந்தது பளுவாலா கதிராலா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்த மாதிரியை ஒதுக்கிவைக்க வேண்டியதுதான்.

எஸ்.இ.எம். (பரப்பை எலக்ட்ரான் கற்றையால் பார்க்கும் நுண்ணோக்கி) பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வழக்கமான கருவியில் வெற்றிடத்துக்காக எலும்பை உலர்த்துகிறோம், உலரும்போதே அது வெடிக்கிறது. உடைந்த முகத்தைப் பார்க்க அருமை, நுண்விரிசலை எண்ண வேண்டாம்.

கையில் ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது என்றால் நான் செய்வது இது: முதலில் குறைந்த டோஸில் மைக்ரோ சிடி எடுத்து எலும்பின் அமைப்பைப் பதிந்துகொள்வேன், பிறகு முழுத் துண்டையும் ஃபுக்சினில் ஊறப்போடுவேன், வெட்டுவது கடைசியில். வரிசை மாறி முதலில் வெட்டிவிட்டுச் சாயம் போட்டால் ரம்பக் கீறலும் சிவக்கும், அதற்கப்புறம் எதையும் பிரிக்க முடியாது. ஒரு தடவை அவசரத்தில் அப்படிச் செய்து மொத்தத் தொகுதியையும் இழந்திருக்கிறேன்.

இதெல்லாம் வெளியே எடுத்த எலும்புக்கு. உயிருள்ள மனிதரின் எலும்பில் ஒற்றை நுண்விரிசலைக் காட்டும் முறை மருத்துவமனைகளில் இல்லை. ஓட்டக்காரரின் கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிவது மஜ்ஜையில் கோத்த நீர்தான், விரிசல் அல்ல. ஆனாலும் எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியாத முதல் வாரங்களில், ஓட்டத்தை நிறுத்தச் சொல்ல அது போதும்.