பார்கோடு எண்ணா, பார்ட் நம்பரா, சொந்தக் குறியீடா: ஆன்லைன் கடைக்கு எது கைகொடுக்கும்?

ஆன்லைன் கடைக்காரர்கள் தலைப்புக்கும் படத்துக்கும் மெனக்கெடுவதில் பாதிகூட அடையாள எண்ணுக்கு மெனக்கெடுவதில்லை. கூகுளில் பொருளைக் காட்டுவதற்கான விவரப் பதிவேடான கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் பொருளை ஏற்றும்போது அந்தக் கட்டத்தில் ஏதோ ஒன்றை அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஜிடிஐஎன் (பார்கோடு எண்), எம்பிஎன் (தயாரிப்பாளரின் பார்ட் நம்பர்), எஸ்கேயூ (கடையின் சொந்தக் குறியீடு) மூன்றுக்கும் வேலை வேறு வேறு.

ஜிடிஐஎன் என்பது பார்கோடுக்குக் கீழே அச்சாகியிருக்கும் எண். பார்கோடு எண்களை ஒதுக்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா தரும் எண்கள் 13 இலக்கத்தில், 890 என்று தொடங்கும். பெயர் பெற்ற கம்பெனியின் குக்கரை வாங்கி விற்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். ஒரு கடை ‘5 லிட்டர் குக்கர்’ என்று போடும், இன்னொன்று ‘அலுமினியம் குக்கர் 5லி’ என்று போடும். எண் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே சரக்கு என்று கூகுளுக்குப் புரிந்துவிடும். விலை ஒப்பிடும் வரிசையில் உங்கள் கடையையும் சேர்க்கும். எண் இல்லாவிட்டால் அந்த வரிசையில் இடம் கிடைப்பது கஷ்டம். இதில் ஒரு சங்கடமும் உண்டு: உங்கள் விலைக்குப் பக்கத்திலேயே மற்றவர்கள் விலையும் நிற்கும். ஐம்பது ரூபாய் கூடுதலாக வைத்திருந்தால் அதுவும் பளிச்சென்று தெரியும்.

ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவர்களுக்குக் கதையே வேறு. பார்கோடு எண்ணைத் தேடல் பெட்டியில் அடிப்பவர் அபூர்வம். பார்ட் நம்பரை அடிப்பவர் அப்படியல்ல. பழுதான பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பொறித்திருப்பதைப் பார்த்து அடிக்கிறார். அவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்ல, வாங்க வந்தவர். அதனால் தயாரிப்பாளர் கொடுத்த எம்பிஎன்னை மெர்ச்சன்ட் சென்டர் கட்டத்தில் மட்டும் ஒளித்து வைக்காமல், பக்கத் தலைப்பிலும் விவரத்திலும் போடுங்கள். நடுவில் கோடு இருந்தால் கோட்டோடு அப்படியே போடுங்கள். பம்ப் வால்வு, பைக் கிட், மிக்ஸி கப்ளர் போன்றவற்றுக்கு என் ஓட்டு எம்பிஎன்னுக்குத்தான்.

எஸ்கேயூ உங்கள் குடோனுக்கான குறியீடு. இருப்புக் கணக்குக்கு அவசியம். கூகுளில் மேலே வர அதனால் பலன் இல்லை. அடுத்தவர் சரக்கை விற்கும் கடை தன் எஸ்கேயூவை எம்பிஎன் கட்டத்தில் திணிப்பது சுத்தத் தவறு. நீங்களே தயாரிப்பாளர் என்றால் உங்கள் பிராண்டு பெயரும் நீங்கள் கொடுத்த எண்ணும் சேர்ந்தே முறையான அடையாளம்.

சிக்கல் செக்கு எண்ணெய், மசாலாப் பொடி என்று சொந்தமாகச் செய்து விற்பவர்களுக்குத்தான். இணையத்தில் மலிவாகப் பார்கோடு எண் விற்கிறார்கள். அது பெரும்பாலும் வேறு யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவான வரிசையிலிருந்து பிரித்து விற்பது. அமேசான் ஜிஎஸ்1 பதிவோடு ஒத்துப் பார்க்கும். பெயர் பொருந்தாவிட்டால் நிராகரிக்கும். ‘பார்கோடு சரிபார்க்கும் சாஃப்ட்வேர் சரி என்று காட்டியதே’ என்பார்கள் அதை வாங்கியவர்கள். 8901234567890 என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள், அதையும் சரி என்றே காட்டும். காரணம், கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம். அதை விட்டுவிட்டு, முதல் இலக்கம் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் 28. மீதியின் கூட்டுத்தொகை 34, மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130, பத்தின் மடங்கு என்பதால் கடைசி இலக்கம் 0. இந்தக் கணக்கு தட்டச்சுப் பிழையைப் பிடிக்குமே தவிர, எண் யாருடையது என்று சொல்லாது.

ஆகவே சொந்தத் தயாரிப்புக்கு இரண்டே வழி. சூப்பர் மார்க்கெட்டுக்கும் அமேசானுக்கும் போகும் எண்ணம் இருந்தால் கட்டணம் கட்டி ஜிஎஸ்1 இந்தியாவில் பதியுங்கள். அரை லிட்டருக்கு ஒன்று, ஒரு லிட்டருக்கு ஒன்று என்று தனித்தனி எண் வேண்டும். சொந்தத் தளத்தில் மட்டும் விற்பவர் ஜிடிஐஎன் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பிராண்டும் எம்பிஎன்னும் கொடுத்தால் போதும். ஆர்டரின் பேரில் கையால் செய்யும் ஒற்றைப் பொருளுக்கு அதுவும் இல்லையா? ‘அடையாள எண் கிடையாது’ என்று குறிப்பிட வசதி இருக்கிறது. எண் உள்ள பிராண்டு சரக்குக்கு இதைக் குறித்தால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.

பதிப்பாளர்கள் கொடுத்து வைத்தவர்கள். இந்தியாவில் புத்தகங்களுக்கான ஐஎஸ்பிஎன் எண் இலவசம். 978 என்று தொடங்கும் அந்த 13 இலக்கமே ஜிடிஐஎன்னாகவும் செல்லும்.

எந்த எண்ணானாலும் எக்செல்லில் எண் வரும் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் 13 இலக்கம் 8.90123E+12 என்று சுருங்கும், பூஜ்யத்தில் தொடங்கும் அமெரிக்க 12 இலக்க எண்ணில் அந்தப் பூஜ்யமே காணாமல் போகும்.