நாய்க் குரல்களில் ஆங்கிலம்: சாட்ஸ்வொர்த் மாலை வகுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் பகுதிக்குக் கோயில் நாகசுரப் பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் எனக்கு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களோடு பேசுவதற்கே ஆங்கிலம் வேண்டியிருக்கிறது; அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழியே அதுதான். ஆகவே ஒரு சமூகக் கூடத்தில் நடக்கும் ஆறு வார மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

இலக்கணப் பாடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாயின் குரல்களிலிருந்து வந்த சொற்களுக்கென்று நான்காம் வாரத்தில் ஒதுக்கிய இரண்டு மணி நேரத்துக்கே கொடுத்த கட்டணம் தகும். ஆசிரியை எந்தச் சொல்லையும் பலகையில் எழுதுமுன் ஒலியை எழுப்பிக் காட்டினார்: தொண்டைக்குள் உருளும் உறுமல் 'கிரௌல்', மிதிபட்ட குட்டி வீறிடுவது 'யெல்ப்', சிறு நாய் ஓயாமல் கத்துவது 'யாப்'. தொணதொணப்பவரையும் 'யாப்' என்றே கேலி செய்வார்களாம். தவில் சொற்கட்டைக் கேட்டே வளர்ந்த எனக்கு இந்த வழி உடனே பிடிபட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து 'வூஃப்' என்றபோது பக்கத்து வீட்டு நாய்கள் பதில் கொடுத்தன. ஒலிபெருக்கியில் கீழ்த்தொனியைத் தரும் 'வூஃபர்' அந்தக் குரைப்பொலியால் பெயர் பெற்றது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

மரபுத்தொடர்களுக்கு அவர் வேட்டைக் காட்சிகளையே விரித்தார். வேட்டை நாய்க்குத் தப்பி மரமேறிய ரக்கூன் என்னும் சிறு விலங்கு வேறு மரத்துக்குத் தாவிவிட்டதை அறியாமல் நாய் பழைய மரத்தடியிலேயே அண்ணாந்து குரைத்துக்கொண்டிருக்கும். 1830களில் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கிய 'பார்க்கிங் அப் த ராங் ட்ரீ' (தவறான மரத்தைப் பார்த்துக் குரைத்தல், அதாவது தப்பான இடத்தில் தேடுதல்) அதிலிருந்து வந்தது. 'ஹிஸ் பார்க் இஸ் வர்ஸ் தேன் ஹிஸ் பைட்' (அவர் கடியைவிடக் குரைப்பே மோசம்) என்பது நம் 'குரைக்கிற நாய் கடிக்காது' தானே என்று கேட்டேன். இல்லை என்றார், அது வாயால் கடிந்தாலும் மனத்தால் கெடுதல் நினைக்காதவரைக் குறிப்பது. அவர் சொன்னது சரிதான்: எங்கள் கோயில் நிர்வாகியிடம் நம் பழமொழியைச் சொன்னால் வேலை போய்விடும், ஆங்கிலத் தொடரையோ அவரே தம்மைப் பற்றிச் சிரித்தபடி சொல்லிக்கொள்கிறார்.

குறையும் உண்டு. கையில் கொடுத்த அச்சுத்தாளில், மரப்பட்டையைக் குறிக்கும் 'பார்க்'கும் குரைப்பைக் குறிக்கும் 'பார்க்'கும் ஒரே சொல் என்றிருந்தது. நூலக அகராதியில் பார்த்தேன்: முன்னது ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது, பின்னது பழைய ஆங்கிலச் சொல். நாய்க் குரலிலிருந்து நம்மவர்கள் ஆக்கிக்கொண்ட 'லொள்ளு' பற்றி நான் சொன்னதும், ஆசிரியை அதையும் பலகையில் எழுதிவைத்தார்.

அடுத்த முறை சேர்பவர்கள் பின்வரிசையில் உட்கார வேண்டாம். மின்விசிறி இரைச்சலில், நாயின் முனகல்களைக் குறிக்கும் 'வைன்', 'விம்பர்' இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன.