விமானத்தில் வரும் கீரையா, ஊரில் விளையும் கீரையா?

கனடாவின் வடகோடி ஊர்களுக்கு உணவு சேர இன்று 2 வழிகள் இருக்கின்றன: அரசு மானியத்துடன் தெற்கிலிருந்து வரவழைப்பது, அங்கேயே விளைவிப்பது.

2011-ல் தொடங்கிய 'நியூட்ரிஷன் நார்த்' திட்டம் முதல் வழி. சாக்ஸ் ஹார்பர் போன்ற, சாலையே இல்லாத ஊர்களில் பாலும் பழமும் கிடைக்க இது தேவை, மறுக்கவில்லை. ஆனால் மானியம் கடைக்காரர் கை வழியாகத்தான் மக்களைச் சேர வேண்டும். அது முழுமையாகச் சேர்கிறதா என்பதைத் துறை சரிபார்க்கவில்லை என்று 2014-ல் தலைமைத் தணிக்கையாளரே குறை கூறினார். விலையிலும் சரக்கிலும் ஊர்மக்களுக்குச் சொல்வாக்கு இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

இரண்டாவது வழிக்கு இனுவிக் ஊரைப் பாருங்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கைவிடப்பட்ட பனி ஹாக்கி அரங்கைப் பசுமைக்குடிலாக மாற்றிவிட்டார்கள். அங்கே குடும்பங்கள் ஆளுக்கொரு பாத்தியில் பயிரிடுகின்றன. கோடையில் 50 நாட்களுக்கு மேல் சூரியன் மறைவதில்லை. கீரையும் தக்காளியும் செழிக்கின்றன. அடியில் உறைநிலம் என்பதால் மண்ணை உயர்த்திய பாத்திகளில்தான் இட வேண்டும். குளிர்காலத்தில் சாகுபடி நின்றுவிடும்.

ஆகவே விமானத்தை இப்போதே நிறுத்த முடியாது. எனினும் புதிதாக ஒதுக்கும் பணம் பாத்திக்கும், விதைக்கும், கிழங்கு சேமிக்கும் கிடங்குக்கும் போகட்டும். வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் 2020-ல் அதே திட்டத்தில் நிதி ஒதுக்கினார்களே, அந்தத் திசை சரியானது.