பெட்டியை அளக்காமல் ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் ஆச்சியின் குத்துவிளக்கைக் கொடுக்காதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள், வீட்டுச் சாமானைக் கப்பலில் அனுப்பித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டுகளிடம் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் ஏமாற்று இது.

"கனமீட்டருக்கு இவ்வளவு, வீட்டிலிருந்து வீடு வரைக்கும், வேற செலவே கிடையாது" என்று போனில் விலை சொல்வார்கள். வண்டி வரும். எட்டு அட்டைப்பெட்டி ஏறும். யாரும் அளவு டேப்பை எடுக்க மாட்டார்கள். கையில் தருவது பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் தகவல் வரும்: அளவு கூடிவிட்டது, மீதியைக் கட்டினால்தான் சரக்கு கிளம்பும். உள்ளே கல்யாண ஆல்பமும் ஆச்சியின் விளக்கும் இருக்கும்போது யார்தான் கட்டாமல் இருப்பார்கள்? அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 60×45×45 செ.மீ. பெட்டி எட்டு சேர்ந்தால் 0.972 கனமீட்டர், அதாவது ஒன்றுக்குள் அடங்கிவிடும். மெல்லிய அட்டையில் துணியைத் திணித்து, ஒவ்வொரு அளவும் 5 செ.மீ. பிதுங்கினால் அதே எட்டுப் பெட்டி 1.3 கனமீட்டர். கிடங்கில் பிதுங்கிய இடத்தில்தான் டேப் வைப்பார்கள். விமான கூரியரில் இன்னும் மோசம். நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ. கணக்கில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுப்பார்கள்; அதிலும் நிஜ எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. உள்ளே 12 கிலோதான் இருந்தாலும் நேரான பெட்டிக்கு 24.3 கிலோ, பிதுங்கிய பெட்டிக்கு 32.5 கிலோ என்று பில் வரும். ஐந்து அடுக்கு (5 பிளை) அட்டைப்பெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். மூன்று அளவையும் எடையையும் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே வண்டியில் ஏற்ற விடுங்கள். மறுத்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது அடி போய்ச் சேர்கிற ஊரில் விழும். பல பேருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றிய கண்டெய்னரைப் பிரிக்கும் கூலி, துறைமுகக் கையாளல், டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு), சுங்கத் தரகர், கிடங்கு வாடகை என்று அந்த நாட்டுப் பணத்தில் தனி பில் நீட்டுவார்கள். வாதாடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். இங்கே விலையைக் குறைத்துப் பிடிக்கிறவர், அந்தப் பக்கத்து ஏஜென்டிடம் பங்கு வாங்கிக்கொள்வதும் உண்டு. இறங்கும் ஊர்ச் செலவை ஒவ்வொரு இனமாக, அங்குள்ள ஏஜென்டின் பெயரோடு, முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் சேர்த்துத்தான்" என்கிற வாய்ச்சொல் எதற்கும் உதவாது.

"விழிஞ்ஞம் பக்கத்திலேயே இருக்கு, அதனால மலிவு" என்பது இன்னொரு பேச்சு. 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட அந்தத் துறைமுகம் முதன்மையாகக் கப்பல் விட்டுக் கப்பல் சரக்கு மாற்றுவதற்கானது. நம் பகுதியிலிருந்து போகும் வீட்டுச் சாமான் வழக்கமாகத் தூத்துக்குடி அல்லது கொச்சி வழியாகத்தான் போகும். எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் நிறுவனம் என்று கேளுங்கள். சரக்கு ஏறியதும் பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான சீட்டு) நகலும் கண்டெய்னர் எண்ணும் வர வேண்டும். அந்த எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம் இருக்கும். அதைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

காப்பீட்டிலும் ஓட்டை உண்டு. நீங்களே கட்டிய பெட்டியில் பொருள் உடைந்தால் பல பாலிசிகள் பணம் தராது; முழுச் சரக்கும் தொலைந்தால் மட்டும் தருகிற பாலிசியும் இருக்கிறது. விதிவிலக்குப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. வர்ம, சித்த வைத்திய ஓலைச்சுவடி பல வீடுகளில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டு தாண்டிய சுவடிகளையும், 100 ஆண்டு தாண்டிய சிலை, வெண்கலம், மரச்சிற்பங்களையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "நான் பாத்துக்கிறேன்" என்று ஏஜென்ட் சொன்னாலும், சுங்கத்தில் பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும். பழசு போலத் தெரிகிற, ஆனால் பழமையில்லாத பொருளுக்கு மத்தியத் தொல்லியல் துறையின் சான்று வாங்குங்கள். மரச்சட்டத்தில் கட்டினால், பூச்சி சாகப் பதப்படுத்தியதற்கான (வழக்கமாக 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான) முத்திரை மரத்தில் இருக்க வேண்டும். ஓலைக் கடவத்தையும் நார்ப்பெட்டியையும் ஆஸ்திரேலியாவில் பிரித்துப் பார்ப்பார்கள். பூச்சி இருந்தால் மருந்தடிக்கும் செலவு உங்கள் தலையில். பிரிட்டனுக்கு என்றால் குடிபெயர்வு வரிவிலக்கைச் சாமான் போய்ச் சேருவதற்கு முன்பே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.

உண்மையில் மனசுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டு பெட்டிக்குள் அடங்கும். குத்துவிளக்கைத் திருகிக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவைத்து, துண்டு துண்டாகச் சுற்றினால் கால்வாசி இடம்கூடப் பிடிக்காது. போட்டோக்களைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்யாமல் ஒன்றைக்கூட அனுப்பாதீர்கள். அஞ்சல் துறையின் வெளிநாட்டுப் பார்சலில் பல நாடுகளுக்கு 20 கிலோ வரை போகும். நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்தில் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, அதன்பிறகு ஏஜென்டிடம் பேசுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்: பணம் வாங்கியவர் போனை அணைத்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. சரக்கைப் பிடித்துவைத்து மிரட்டினால் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். முதல் விலைப்பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பெட்டியில் டேப் வைத்து எடுத்த போட்டோ, இவை நான்கையும் அழிக்காமல் வைத்திருங்கள்.